கதவைச் சாத்திவிட்டால் ஒழுங்காகிவிடுமா?



சென்ற வாரம் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு நல்ல செய்தி வந்தது. நன்கொடையாளர் ஒருவர் பள்ளி முகப்பில் வைப்பதற்கு நான்கடி மீன்தொட்டி ஒன்றைத் தருகிறார். தொட்டிக்குக் கீழே மர அலமாரி, இரண்டு கதவுகள், உள்ளே எல்லாக் கருவிகளும். அனைவரும் மகிழ்ந்தோம். நானும்தான். அடுத்து எழுந்த ஒருவர், "ஒயர் ஒன்றுகூட வெளியே தெரியக்கூடாது. கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அலுவலகத்தில் வைத்துவிடுவோம். பிள்ளைகள் தொடமாட்டார்கள்" என்றார். கைத்தட்டல் எழுந்தது.

நான் ஒருவன் மட்டும் எழுந்து, கூடாது என்றேன். பூட்டு அறவே கூடாது என்றேன். "ஐயா, ஒரு மீன்தொட்டிக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிரித்தார்கள். நேரம் போதவில்லை என்று அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டார்கள். அங்கே சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டு வரவேற்பறையிலும் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. மூன்றடி நீளம், ஏறக்குறைய 180 லிட்டர் நீர். நீர்த்தாவரங்களும் சிற்றிறால்களும் வளர்க்கிறேன். நம் நாட்டு வெயிலில் தொட்டி நீர் 30 பாகையைத் தொட்டுவிடும். அந்த இறால்களுக்கு அது ஆகாது. ஆகவே பழைய குளிர்விப்பான் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். அதனோடு வடிகட்டி, காற்றுப் பம்பு, விளக்கு, புற ஊதாக்கதிர்க் குழாய், அலை பம்பு, நேரக்கருவி. போதாக்குறைக்கு இணைய மோடத்தின் பிளக்கையும் அங்கேயே செருகிவிட்டேன். எல்லாம் ஒரே எக்ஸ்டென்சனில். அந்த எக்ஸ்டென்சன் அலமாரியின் தரையில் கிடந்தது. அதற்கு மின்சாரம் தந்த சுவர்ச் சாக்கெட், அலமாரிக்குப் பின்னால் இருந்தது. கதவைச் சாத்தினால் எதுவும் தெரியாது. தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாரும், "எவ்வளவு நேர்த்தியாக வைத்திருக்கிறீர்கள்!" என்று பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பள்ளியில் இருந்தேன். நான்காம் ஆண்டு பயிலும் என் மகள் காய்ச்சலால் வீட்டில் இருந்தாள். துணைக்கு என் அம்மா. வயது எழுபத்து மூன்று. அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாண்டு படித்தவர். காலை பத்து மணியளவில் ஏதோ தீய்கிற வாடை வந்திருக்கிறது. அடுப்பைப் பார்த்தார், அடுப்பு அணைந்திருந்தது. வாடையைப் பிடித்துக்கொண்டே போய் அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே வரிசையாகக் கறுப்புப் பிளக்குகள். ஒன்றுக்கொன்று வேறுபாடே இல்லை. எதைப் பிடுங்குவது? சுவர்ச் சுவிட்சை அணைக்கலாம் என்றால், அது 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. கையை விட்டுத் துழாவக்கூட இடமில்லை. எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். என் கைப்பேசியோ ஒலி அடக்கப்பட்டுப் பைக்குள் கிடந்தது. மகளைத் தெருவாசலுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டு மக்சிக்கைக் கூவி அழைத்தார். அந்த அம்மையாரின் மகன் ஓடிவந்து, நாற்காலி போட்டு ஏறி, முதன்மை சுவிட்சைக் கீழே இறக்கினான். அவன் அன்று வேலைக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நான் எண்ணிப்பார்க்க விரும்பவில்லை.

மாலையில் பார்த்தேன். எக்ஸ்டென்சனின் ஒரு சாக்கெட் உருகிப் பழுப்பேறியிருந்தது. குளிர்விப்பானின் பிளக் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற ஏழும் அப்படியே இருந்தன. மீன்கள் வழக்கம்போல் நீந்திக்கொண்டிருந்தன.

இப்பொழுது ஒரு கேள்வி. பியூஸ் ஏன் போகவில்லை? அளவுக்கு மேல் மின்சாரம் போனால் அணைந்துவிடும் சிறு சுவிட்சு ஏன் விழவில்லை? பலரும் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றே அழைக்கும் ஆர்.சி.சி.பி. என்ன செய்துகொண்டிருந்தது? ஆசிரியர் அறையில் இதைக் கேட்டபோது, பட்டம் பெற்ற நாங்கள் பன்னிருவரும் விழித்தோம். நானும் அன்றுவரை அறிந்திருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பதிவுபெற்ற வயர்மேன்தான் விளக்கினார்.

எட்டுக் கருவிகளும் சேர்ந்து எடுத்தது ஏறக்குறைய 300 வாட். 230 வோல்ட்டில் அது 1.3 ஆம்பியர். 13 ஆம்பியர் தாங்கும் எக்ஸ்டென்சனுக்கு அது பத்தில் ஒரு பங்கு. ஆகவே பியூஸுக்கும் சிறு சுவிட்சுக்கும் குறை எதுவும் தெரியவில்லை. ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறு. ஒரு கம்பியில் போன மின்சாரம் முழுவதும் மறு கம்பியில் திரும்பிவருகிறதா, இடையில் நிலத்துக்கோ மனித உடலுக்கோ கசிகிறதா என்று மட்டுமே அது பார்க்கும். என் அலமாரியில் கசிவு இல்லை. பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் தகடும் சரியாகப் பொருந்தாமல், அந்தத் தளர்ந்த இடத்தில் வெப்பம் பிறந்தது. குளிர்விப்பானின் கம்ப்ரசர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சில மடங்கு மின்சாரத்தை ஒரே இழுப்பில் இழுக்கும். ஒரு நாளைக்குப் பல முறை, பல மாதங்கள். தளர்ந்த இணைப்பைக் காவல் காக்க எங்கள் வீட்டில் இருந்த கருவி ஒன்றே ஒன்று. அது என் அம்மாவின் மூக்கு.

அந்த மூக்குக்கும் இடையில் நான் ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தேன்!

ஏன் தளர்ந்தது? இதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. குளிர்விப்பானின் பிளக், இரண்டு உருண்டை முள் கொண்ட அயல்நாட்டுப் பிளக். நம் சாக்கெட்டின் மேல்துளையில் பேனாவைச் செருகி, உள்ளிருக்கும் மறைப்பைத் திறந்து, அதை அழுத்தித் திணித்தேன். நீங்கள் செய்ததில்லையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் நாள்தோறும் நடப்பதுதான் இது. அந்த மறைப்பு எதற்காக இருக்கிறது? குழந்தையின் விரலோ கம்பியோ உள்ளே போகாமல் தடுப்பதற்காக. அதைத் திறக்கும் வித்தையைப் பிள்ளைகளின் கண்ணெதிரே செய்து காட்டுபவர்கள் நாம்தாம். இன்னொன்றையும் வயர்மேன் சொன்னார். அவ்வகைப் பிளக் தன் பக்கவாட்டுத் தகட்டின் வழியாகவே நிலத்தொடர்பைப் பெறும். நம் சாக்கெட்டில் அதற்கு இடமே இல்லை. ஆகவே அந்தக் குளிர்விப்பான் அத்தனை மாதங்களும் நிலத்தொடர்பு இன்றி, நீருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பழுது ஏற்பட்டு அதன் கூட்டில் மின்சாரம் பாய்ந்திருந்தால், யாராவது தொடும்வரை ஆர்.சி.சி.பி.க்குத் தெரிந்தே இராது. தொட்டவரின் உடல்தான் அதற்குச் செய்தி சொல்லும்.

இதனால்தான் கூட்டத்தில் நான் கத்தினேன். மறைப்பதும் ஒழுங்குபடுத்துவதும் ஒன்றல்ல. நாம் நெடுங்காலமாக இரண்டையும் ஒன்றென எண்ணிப் பழகிவிட்டோம். மேற்பார்வையாளர் வருகிறார் என்றால் உடைந்த நாற்காலியை அலமாரிக்குப் பின்னால் தள்ளுகிறோம். வகுப்பறைக் கணினியின் ஒயரை விரிப்புக்கு அடியில் ஓடவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் தூய்மை! நாற்காலியாவது ஒளிந்த இடத்தில் சும்மா கிடக்கும். மின்சாரம் அப்படிக் கிடக்காது.

மீன்தொட்டியின் அலமாரி வீட்டின் மற்ற அலமாரிகளைப் போன்றதன்று. தலைக்கு மேல் நீர், உள்ளே ஈரக்காற்று, சிப்போர்டுப் பலகையோ ஈரத்தில் ஊதிப் பெருக்கும். கடல்நீர்த் தொட்டியாயின் உப்பு ஒயரைப் பற்றிக்கொண்டே ஊர்ந்துவந்து சாக்கெட்டில் வெள்ளையாகப் படியும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். என் குளிர்விப்பானோ வெப்பக்காற்றை அந்த மூடிய பெட்டிக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. நீரைக் குளிர்விப்பதற்காக வாங்கியது தன்னைத்தானே வேகவைத்துக்கொண்டது. இத்தனைக்கும் நடுவே, எக்ஸ்டென்சனைத் தரையில் போட்டிருந்தேன். கசியும் நீர் முதலில் வந்து தேங்கும் இடம் எது? அந்தத் தரைதான். ஆறாம் ஆண்டு மாணவனைக் கேட்டாலும் சொல்வான். ஆசிரியனுக்குத் தோன்றவில்லை.

பிறகு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை முழுதும் ஆயிற்று. தொட்டியின் நீரை வடித்து, அலமாரியை நகர்த்தினோம். வயர்மேன் பக்கச் சுவரில், தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே, அம்மாவின் தோள் உயரத்தில், சுவிட்சுள்ள சாக்கெட்டுகள் இரண்டைப் பொருத்தினார். ஒன்று குளிர்விப்பானுக்கு மட்டும். அது இப்பொழுது அலமாரிக்கு வெளியே நிற்கிறது. அதன் பிளக்கை வெட்டியெறிந்து, சிரிம் ஒட்டுவில்லையுள்ள மூன்று முள் பிளக்கை அவரே மாட்டித் தந்தார். மற்றொன்று அலமாரிக்கு. அலமாரியின் நடுவே ஒரு பலகையை நிறுத்தி, இடப்பக்கம் நீர், வலப்பக்கம் மின்சாரம் என்று பிரித்துவிட்டேன். வடிகட்டி கசிந்தாலும் இந்தப் பக்கம் வராது. ஒவ்வொரு துளைக்கும் தனிச் சுவிட்சுள்ள எக்ஸ்டென்சனை வலப்பக்கச் சுவரில், மேலே, திருகாணியால் பொருத்தினேன். பின்பலகையில் பாதியை அறுத்து நீக்கினேன், காற்று போய்வரட்டும்.

ஒயர்களைப் பற்றி ஒரு சொல். தொட்டியிலிருந்து வரும் ஒயர் நேராகச் சாக்கெட்டுக்குள் இறங்கினால், அதைப் பற்றிக்கொண்டு வரும் நீர்த்துளியும் நேராகச் சாக்கெட்டுக்குள் இறங்கும். ஒயரைச் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிச் செருக வேண்டும். துளி அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். மழை விட்டபின் துணிக்கொடியைப் பாருங்கள். துளிகளெல்லாம் கொடி தொய்ந்த இடத்துக்கு ஓடிவந்துதான் விழும். இதை என் மகளுக்குச் சொல்ல நான் படம் வரையவில்லை. கொல்லைக்கு அழைத்துப்போய்க் கொடியைக் காட்டினேன். காற்றுப் பம்பையும் நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றிவிட்டேன். கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் காற்றுக்குழாய் வழியாகத் திரும்பி வடிந்து பம்புக்குள்ளும், அங்கிருந்து தரைக்கும் வந்துவிடும். மேலே வைக்க இடமில்லாதவர்கள் குழாயில் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். விலை சில வெள்ளிதான்.

இனிப் பெயர்கள். ஒவ்வொரு ஒயரின் இரு முனைகளிலும், பிளக்கின் பக்கம் ஒன்றும் கருவியின் பக்கம் ஒன்றுமாக, வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டித் தமிழில் எழுதினேன். முதலில் 'வடிகட்டி', 'புற ஊதாக்கதிர்க் குழாய்' என்றெல்லாம் அழகாக எழுதிவைத்தேன். அம்மா வாசித்துப் பார்த்து, "இதெல்லாம் எனக்கு எங்கப்பா வெளங்கப் போவுது?" என்றார். ஆகவே அவரையே பெயரிடச் சொன்னேன். இப்பொழுது என் அலமாரியில் 'தண்ணி டப்பா', 'காத்து', 'லைட்டு', 'நீல லைட்டு', 'அலை' என்று இருக்கின்றன. இக்கட்டுரையில் பிளக், சாக்கெட் என்று எழுதியதற்காக என்மீது சினம் கொண்டிருக்கும் தமிழன்பர்களுக்கும் இதுவே என் விடை. மின்செருகி என்பது நல்ல சொல். வகுப்பில் நான் அதைத்தான் கற்பிக்கிறேன். ஆனால் தீய்கிற வாடை வரும் வேளையில், பயந்த ஒருவர் ஒரே பார்வையில் வாசித்து உணரும் சொல்தான் அந்த இடத்தில் தமிழ்.

மறுப்புகளுக்கு வருகிறேன். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது, இடி இடித்தால் விழுகிறது, ஊருக்குப் போய்த் திரும்பினால் மீன்கள் செத்து மிதக்கின்றன. ஆகவே மீன்தொட்டியை மட்டும் அதில் சேராமல் நேரே இணைத்துவிட்டேன் என்று ஒரு நண்பர் பெருமையாகச் சொன்னார். மீனின் உயிருக்காக மகனின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்! இடிக்கு விழுவது தொல்லைதான். நம் நாட்டில் இடிக்கா பஞ்சம்? அதற்குத் தொட்டிக்கென்று தனியாக ஒரு துண்டிப்பானை வைத்தால், வீட்டின் வேறு மூலையில் கசிந்தாலும் தொட்டி அணையாது. தொட்டியில் கசிந்தாலும் வீடு அணையாது. மின்சாரம் நின்றவுடன் தானே பேட்டரியில் ஓடத் தொடங்கும் காற்றுப் பம்புகள் கடைகளில் கிடைக்கின்றன. பல மணி நேரம் மீன்கள் தாக்குப்பிடிக்க அது போதும்.

இங்கே ஓர் எண்ணைப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் 0.1 என்றோ 0.03 என்றோ ஆம்பியர் எழுதப்பட்டிருக்கும். நம் நாட்டின் 1994 ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் ஈரத்தரையுள்ள இடங்களுக்கு 10 மில்லியாம்பியர், கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30, மற்றவற்றுக்கு 100 என்று வகுத்திருக்கின்றன. பழைய வீடுகள் பலவற்றில் வீடு முழுவதற்கும் ஒரே 100 மில்லியாம்பியர்தான். என் வீட்டிலும் அப்படியே இருந்தது. நீருக்குள் கைவிடும் பிள்ளையைக் காக்க அது போதாது. அதன் பக்கத்தில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அந்தக் காவலாளி தூங்குகிறான். அண்டைநாடான சிங்கப்பூரில், 1985 சூலைக்கு முன் கட்டப்பட்ட பழைய வீடுகளிலும் இக்கருவி இருந்தாக வேண்டும் என்று 2023 சூலை முதல் சட்டமாக்கி, ஈராண்டு தவணையும் தந்தார்கள். அத்தவணை 2025 சூலையில் முடிந்தது. சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

செலவு என்பார்கள். எனக்கு 300 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் ஆயிற்று. குளிர்விப்பானுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

அழகு என்பார்கள். கதவு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. என் அலமாரிக்கும் கதவு இருக்கிறது. அது பூட்டில்லாத கதவு. திறந்தால் எல்லாம் தெரியும். எது எதற்கு என்று வாசிக்க முடியும். அணைக்க வேண்டிய சுவிட்சு கதவுக்கு வெளியே இருக்கிறது. நீருக்குள் கைவிடுமுன் அதை அணைக்க வேண்டும் என்பது வீட்டில் அனைவருக்கும் விதி. எனக்கும்தான்.

பிள்ளைகள் தொட்டுவிடுவார்கள் என்பதுதான் கூட்டத்தில் எல்லார் வாயிலும் வந்த சொல். தொடட்டுமே என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்தாம் ஆண்டில் மின்கலம், மின்குமிழ், விசை என்று மின்சுற்று வரையச் செய்து, பாதுகாப்பு முறைகளை மனனம் செய்யவைத்து, முழுப் புள்ளிகள் கொடுத்துவிட்டு, முகப்பில் இருக்கும் உண்மையான மின்சுற்றைப் பூட்டி வைக்கிறோமே, இது என்ன கல்வி? பள்ளியில் அந்தத் தொட்டியைக் கழுவப் போவது யார் என்று நினைக்கிறீர்கள்? நாமா? வாரந்தோறும் அறிவியல் கழக மாணவர்கள்தாம் வாளியும் குழாயுமாக வரப்போகிறார்கள். அவர்கள் கை நீருக்குள் இருக்கும்போது, சுவிட்சு பூட்டிய கதவுக்குள், சாவி அலுவலகத்தில், அலுவலகப் பணியாளர் வங்கிக்குப் போயிருப்பார்.

வருகிற வெள்ளிக்கிழமை மீண்டும் கூட்டம். வெளியே, எட்டும் உயரத்தில் ஒரு சுவிட்சு, தொட்டிக்கென்று தனித் துண்டிப்பான், ஒவ்வொரு ஒயருக்கும் மாணவர்கள் கையால் எழுதிய தமிழ்ப் பெயர், பூட்டு இல்லை. இவற்றை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உருகிய அந்த எக்ஸ்டென்சனை நான் எறியவில்லை. அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போகிறேன். தொட்டி வந்துவிட்டது. இப்பொழுதைக்கு அது அலுவலகத் தாழ்வாரத்தில், அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் நிற்கிறது.